மான் முடியில் ஃப்ளை கட்டுவது: சேலத்துத் தூண்டில்காரர்கள் கேட்கும் கேள்விகள்

ஃப்ளை என்பது முள்ளில் இறகும் முடியும் கட்டிச் செய்யும் போலி இரை. சேலம் பக்கம் அதை வீசும் ஃப்ளை ராடு பிடிக்கிறவர்கள் குறைவு. ஆனால் ரப்பர் தவளை போட்டு விரால் பிடிக்கிறவர்கள் ஏராளம். அவர்களில் சிலர் இப்போது சொந்தமாக ஃப்ளை கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். கோழி இறகு, மயில் இறகு, ஃபோம் வரைக்கும் சிரமமில்லாமல் வருகிறவர்கள், மான் முடி வந்ததும் நின்றுவிடுகிறார்கள். ஃபோனிலும் ஏரிக்கரையிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிய கேள்விகளை முன்னாலேயே வைத்திருக்கிறேன். கட்டும் முறையைத் தேடி வந்தவர்களும் அதைப் படித்துவிட்டே கீழே போங்கள்.

அண்ணா, ஃப்ளை கட்ட மான் முடியே எதுக்கு? வேற முடி ஆகாதா?

மான் முடியின் உட்புறம் நம் தலைமுடி மாதிரி கெட்டியாக இருக்காது. மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டும் நெட்டியைப் போல, காற்று நிறைந்த நுண்ணிய அறைகளால் ஆனது. பனி விழும் நாடுகளில் மான் குளிர் தாங்குவதற்காக அமைந்த ஏற்பாடு இது. அந்தக் காற்றால்தான் முடி தண்ணீரில் மிதக்கிறது.

இன்னொரு குணம் அதைவிட முக்கியம். ஒரு கற்றை மான் முடியை நூலால் இறுக்கினால், நூல் படும் இடத்தில் அந்த அறைகள் நசுங்கி, இரண்டு பக்க முனைகளும் நிமிர்ந்து விரிகின்றன. இதைத்தான் முடி மலர்கிறது என்கிறோம். அடுத்தடுத்து கற்றைகளை வைத்து மலரவிட்டு, நெருக்கி, பிளேடால் செதுக்கினால் பந்து மாதிரி ஓர் உடல் கிடைக்கும். தவளை, எலி, வெட்டுக்கிளி என்று எந்த வடிவமும் அதில் வரும். உள்ளே கெட்டியாக இருக்கும் முடியை எவ்வளவு இறுக்கினாலும் இப்படி மலராது.

இதெல்லாம் ட்ரவுட்டுக்குத்தானே? நம்ம ஏரியில இது எதுக்கு?

மான் முடி வேலையில் பேர் வாங்கிய ஃப்ளைகள் பல குளிர்ந்த ஆறுகளில் பிறந்தவை என்பது சரி. 1930-களில் கனடாவின் நிபிகான் ஆற்றுக்காக டான் கேப்பன் கட்டிய மட்லர் மின்னோ, 1957-இல் ஆல் ட்ரோத் எல்க் என்ற பெரிய மானின் முடியில் கட்டிய கேடிஸ் இரண்டும் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனுக்கானவை. தமிழ்நாட்டில் அதற்கு நீலகிரிக்கு, அவலாஞ்சி பக்கம் போக வேண்டும்.

ஆனால் அமெரிக்காவில் பாஸ் மீனுக்காக மான் முடியில் பெரிய தவளைகள் கட்டும் ஒரு மரபும் கூடவே வளர்ந்தது. நமக்கு வேண்டியது அதுதான். விரால் காற்றைச் சுவாசிக்க மேலே வந்தே ஆக வேண்டிய மீன். ஆகாயத்தாமரைக்கும் அல்லிக்கும் நடுவில், முழங்கால் ஆழத் தண்ணீரில் தவளைக்காகக் காத்திருக்கும். மேலே மிதந்து, மெதுவாகத் தத்தி வரும் மான் முடித் தவளையை அது விடாது. கெண்டைக்கும் ஜிலேபிக்கும் இந்த அளவு முடி வேலை தேவையில்லை.

மலைப்பக்கம் காட்டுல மான் முடி கிடந்தா எடுத்துக்கலாமா? நாம ஒண்ணும் வேட்டையாடலையே?

எடுக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட விலங்கின் கொம்பு, எலும்பு, பல், நகம், இறகு ஆகியவற்றோடு முடியையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. புள்ளிமான், கடமான் எல்லாம் அதன் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றிலிருந்து வரும் பொருள்கள் 39-ஆம் பிரிவின்படி அரசின் சொத்து. அப்படி ஒன்று கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ அதற்கென்று உள்ள அதிகாரியிடமோ சொல்லி ஒப்படைக்க வேண்டும். கொன்று எடுத்ததா, உதிர்ந்ததைப் பொறுக்கியதா என்று முடியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் சட்டம் இவ்வளவு கறாராக இருக்கிறது. அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முடிக்கு ஒரு விலை வந்துவிட்டால் சேர்வராயன் காட்டில் சுருக்கு வைக்க ஆள் வந்துவிடும்.

குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுல புள்ளிமான் முடி வேலி ஓரமா உதிர்ந்து கிடக்குமே, அதுகூடவா?

அதுவும்தான். மேலே சொன்ன பதில் பூங்காவுக்கும் பொருந்தும்.

பொருளாகப் பார்த்தாலும் அதில் லாபமில்லை. நம் ஊர் வெயிலில் வாழும் மானின் முடி குட்டையாகவும் ஒட்டினாற்போலவும் இருக்கும். உடல் கட்டுவதற்கு வேண்டியது குளிர்நாட்டு மானின் குளிர்கால முடி. நீளமும் பருமனும் உள்ளே காற்றும் அதில்தான் இருக்கும்.

எங்க தாத்தா தியானத்துக்கு உட்கார்ந்த மான் தோல் வீட்டுல இருக்கு. அதுல கொஞ்சம் வெட்டிக்கிறேனே?

வேண்டாம். பழைய தோலுக்கு உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று முதலில் வீட்டில் கேளுங்கள். கணக்கில் வராத பொருள்களை அறிவிக்க 2003-இல் அரசு 180 நாள் அவகாசம் கொடுத்தது. அப்போது அறிவித்தவர்களிடம் காகிதம் இருக்கும். காகிதம் இருந்தாலும் அதை வெட்டி வேறு பொருளாக மாற்றுவது தனிச் சிக்கல். காகிதமே இல்லையென்றால், ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு வனச்சரக அலுவலகத்தை அணுகுவது நல்லது. ஃப்ளை கட்டுவதற்கு அந்தத் தோல் பக்கமே போகாதீர்கள்.

அப்போ மயில் இறகு மட்டும் எப்படி எல்லாரும் வச்சிருக்காங்க?

ஆண் மயிலின் தோகை இறகுக்கு மட்டும் சட்டத்தில் விலக்கு உண்டு. உள்நாட்டில் வாங்கலாம், விற்கலாம். ஏற்றுமதி கூடாது. மயிலின் மற்ற இறகுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது.

சரி, அப்போ எந்த மான் முடியைத்தான் வாங்குறது?

அமெரிக்கா, கனடாவில் வேட்டைக் காலத்தில் உரிமத்தோடு சுடப்படும் வெள்ளைவால் மான், எல்க், கரிபூ ஆகிய மான்களின் முடி பதப்படுத்தி, சின்னச் சின்னத் தோல் துண்டுகளாகப் பாக்கெட்டில் வருகிறது. இவை நம் காட்டு மான்கள் அல்ல. ஆனாலும் விலங்குப் பொருள் என்பதால் இறக்குமதிக்குத் தனி விதிகள் உண்டு. 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டத்தின் கீழ் சுகாதார அனுமதி கேட்பார்கள், சுங்கத்திலும் நிறுத்துவார்கள். வெளிநாட்டுக் கடையில் நேராக ஆர்டர் போடுவதற்கு முன்னால், சென்னையில் உள்ள விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

இந்தியாவுக்குள் விற்பவரிடம் வாங்கினால் பில் கேளுங்கள். பில்லிலோ பாக்கெட்டிலோ எந்த மான் என்ற பெயர் இருக்க வேண்டும். அந்த பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல், முடியை அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சாதா கவரில் கிடக்கும் மான் முடி எந்த நாட்டு மானுடையது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உங்கள் பக்கம் பேச அந்த லேபிள் மட்டும்தான் இருக்கும். பெயர் எழுதாத மான் முடி மலிவாகக் கிடைத்தால் தொடாதீர்கள்.

பாக்கெட்டுல பெல்லி, பாடி, பக்டெயில்னு போட்டிருக்கான். எல்லாம் மான் முடிதானே?

ஒரே மான்தான். ஆனால் உடம்பின் இடத்துக்கு இடம் முடி மாறும். இதைத் தெரியாமல் வாங்கித்தான் பெரும்பாலானவர்கள் தங்களுக்குக் கை வராது என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

வயிற்று முடி பருமனானது, வெள்ளையானது, நன்றாக மலரும். வெள்ளை என்பதால் சாயம் பளிச்சென்று ஏறும். விரால் தவளைக்கு இதுவே முதல் தேர்வு. உடல் முடி சாம்பலும் பழுப்பும் கலந்தது, கொஞ்சம் மெல்லியது. பின்பக்கத்தை நெருங்க நெருங்கப் பஞ்சு போல மென்மையாகும். மட்லர் தலை, வெட்டுக்கிளி போன்ற நடுத்தர அளவுக்கு இது சரி. பக்டெயில் என்பது வால் முடி. அதன் அடிப்பகுதி மட்டும் ஓரளவு மலரும். நுனிப்பக்கம் கெட்டி. அதில் உடல் கட்ட முடியாது. தவளையின் கால், மீன்குஞ்சு ஃப்ளையின் வால் ஆகியவற்றுக்கு அது நல்லது. எல்க் முடி விறைப்பானது, இறக்கைக்கு ஏற்றது. கரிபூ மிக மென்மை, சாதா நூலுக்கே மலர்ந்துவிடும். அதனால் சின்ன அளவு ஃப்ளைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் ஒரே பாக்கெட் வாங்கப் பணம் இருந்தால் வெள்ளை வயிற்று முடி வாங்குங்கள்.

என்னென்ன சாமான் வேணும்? எல்லாம் ஆன்லைன்லதானா?

முள்ளைப் பிடிக்க ஒரு நல்ல வைஸ் அவசியம். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள். மான் முடிக்கு நூலை இழுக்கும் வேகத்தில் மட்டமான வைஸில் முள் நழுவும். நூல் பிடிக்கும் பாபினுக்கு வாய்ப்பக்கம் பீங்கான் குழாய் இருந்தால் நூல் அறாது.

மற்றவை ஊரிலேயே கிடைக்கும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் நல்ல சாமணமும் கூரான சின்னக் கத்தரியும் வாங்கலாம். முடி நுனியைச் சமப்படுத்தும் ஸ்டாக்கருக்குப் பதில் அடி மூடிய உலோகக் குழாய் எதுவும் ஆகும். முடியை நெருக்கப் பழைய பால்பாயின்ட் பேனாவின் குழாய் போதும். பேன் சீப்பு ஒன்று, இருபக்கமும் கூரான ஷேவிங் பிளேடு ஒரு பாக்கெட். அவ்வளவுதான்.

நூல் அறுந்துகிட்டே இருக்குது. என்ன நூல் போடணும்?

தையல் நூலோ நம் ஊர்ப் பட்டு நூலோ இந்த இழுப்பைத் தாங்காது. மான் முடிக்கென்று ஜெல் ஸ்பன் என்ற நூல் விற்கிறது. சின்னத் தலைகளுக்கு 100 டெனியர், தவளைக்கு 200 டெனியர் எடுங்கள். மீன்பிடிக்கப் போடும் பின்னல் நரம்பும் அதே பாலிஎத்திலீன் இழைதான். வேறு வழியில்லாதபோது மெல்லிய பின்னல் நரம்பையே பாபினில் சுற்றிக் கட்டலாம்.

ஆனால் நரம்பு உருண்டையானது, ஜெல் ஸ்பன் தட்டையாகப் படியும். உருண்டை நூலை வேகமாக இழுத்தால் அது முடியையே அறுத்துவிடும். சீராக, மெதுவாக அழுத்தம் கூட்டுங்கள். இந்த இழை வழுக்கும் ரகம் என்பதால் கொஞ்சம் மெழுகு தேய்த்துக்கொண்டால் சுற்று நகராது. சாதா கத்தரிக்கு இது மசியாது. பிளேடுதான் வெட்டும்.

நான் கட்டினா முடி ஒரு பக்கமாவே நிக்குதுங்க. முள்ளைச் சுத்தி வரவே மாட்டேங்குது.

அதிகம் வரும் கேள்வி இதுதான். முக்கால்வாசிக் காரணம் அடிமுடி. கற்றையை வெட்டி எடுத்ததும் வேர்ப்பக்கத்தில் கம்பளி போல் மெல்லிய முடி ஒட்டியிருக்கும். அது நூலைக் கவ்விக்கொண்டு சுற்றவிடாது. நுனியை இறுகப் பிடித்து, பேன் சீப்பால் வேர்ப்பக்கம் வாரிக்கொண்டே இருங்கள். சீப்பில் எதுவும் வராமல் போகும் வரை வார வேண்டும். சோம்பல்படாதீர்கள். பாதி வேலை இங்கேதான் இருக்கிறது.

அடுத்தது முள்ளின் தண்டு. சுற்ற வைக்கும் இடத்தில் நூல் சுற்றியிருக்கக் கூடாது. வெறும் உலோகமாக இருக்க வேண்டும். கற்றை பென்சில் பருமனுக்கு மேல் போக வேண்டாம். நுனியை வெட்டி இரண்டு பக்கமும் சம நீளமாக்குங்கள். கற்றையைத் தண்டின் மேல் சாய்வாக வைத்து, நடுவில் இரண்டு சுற்றுத் தளர்வாகப் போடுங்கள். இப்போது நூலைக் கீழ்நோக்கி மெதுவாக இழுக்க, முடி எழும். எழும்போது பிடித்திருக்கும் விரல்களைத் தளர்த்திக்கொண்டே, மூன்றாவது சுற்றை அதே இடத்தில் ஓட்டுங்கள். முடி நூலோடு சேர்ந்து தண்டைச் சுற்றி ஓடி, எல்லாப் பக்கமும் நிற்கும். சுழற்சி நின்றதும் நூலை முடிக்குள் வளைத்து வளைத்து முன்னால் கொண்டுவந்து, முடியைப் பின்னால் தள்ளிப் பிடித்து, முன்னால் இரண்டு சுற்றுப் போட்டு ஒரு முடிச்சுப் போடுங்கள்.

விரலைச் சீக்கிரம் விட்டால் முடி சிதறும். விடாமலே பிடித்திருந்தால் சுற்றாது. அந்த நடுநிலை பழகத்தான் வேண்டும். பழகுவதற்கு வயிற்று முடியை வீணாக்காமல் மலிவான உடல் முடியில் கட்டிக் கட்டிப் பிரித்துப் பாருங்கள்.

ஸ்பின் பண்றது, ஸ்டாக் பண்றது ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. ஸ்பின் என்றால் மேலே சொன்னபடி முடியைத் தண்டைச் சுற்றி ஓடவிடுவது. ஸ்டாக் என்றால் ஓடவிடாமல் வைத்த பக்கத்திலேயே நிறுத்துவது. தவளைக்கு முதுகு பச்சையாகவும் வயிறு வெள்ளையாகவும் வேண்டுமானால் ஸ்டாக்தான் வழி.

இதற்குத் தண்டில் நூல் சுற்றியிருக்கலாம், பிடிமானம் கிடைக்கும். முதலில் முள்ளைத் தலைகீழாகத் திருப்பி வெள்ளைக் கற்றையை வயிற்றுப்பக்கம் வைத்து, விரலை விடாமல் இறுக்குங்கள். பிறகு நிமிர்த்தி, அதே இடத்தில் மேலே பச்சைக் கற்றை. முதுகில் புள்ளி வேண்டுமென்றால் பச்சையின் மேல் கறுப்பில் மெல்லிய கற்றை, அதற்கு மேல் மஞ்சள். ஒவ்வொரு கற்றையையும் முந்தியதன் சரியான நடுவில் வைத்தால் செதுக்கும்போது வட்டப் புள்ளியாக வரும். கொஞ்சம் விலகினாலும் புள்ளி கோடாகிவிடும். முதல் தவளைக்கு இரண்டு நிறம் போதும்.

எவ்வளவுதான் நெருக்கணும்? விரல் வலிக்குதுங்க.

இரண்டு கற்றைக்கு ஒருமுறை பேனாக் குழாயை முள்ளின் கண் பக்கமிருந்து தண்டின் மேல் மாட்டி, பின்பக்கம் கட்டை விரலால் முட்டுக் கொடுத்துத் தள்ளுங்கள். முட்டுக் கொடுக்காமல் தள்ளினால் மொத்த உடலும் வளைவுக்கு வழுக்கிப் போகும். கட்டிய உடலை அழுத்தினால் விரல் அமுங்காத அளவுக்கு நெருக்கம் வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் விரால் வாய்க்குக் கொஞ்சம் அமுங்கும் உடல்தான் நல்லது என்பது என் கருத்து. கடித்ததும் உடல் நசுங்கினால்தான் முள் முனை வெளியே வரும். செதுக்கிய பிறகு உள்ளே நூல் தெரியவில்லையென்றால் நெருக்கம் போதும்.

பிளேடு போட்டா கோணல்மாணலா வருது. எப்படிச் செதுக்குறது?

செதுக்குவதற்கு முன் ஆவி காட்டுங்கள். இட்லிப் பானை மூடியைத் திறந்து, சாமணத்தால் ஃப்ளையைப் பிடித்துச் சில நொடி காட்டினால் நசுங்கிய முடியெல்லாம் நிமிரும். அதன் பிறகு செதுக்கினால் மறுநாள் புதிதாக முடி நீட்டிக்கொண்டு நிற்காது.

பிளேடை உறையோடு வைத்து நீளவாக்கில் இரண்டாக மடித்து உடையுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். முதல் வெட்டு எப்போதும் அடிப்பக்கம். முள்ளின் கண்ணிலிருந்து பின்னோக்கி, தண்டை ஒட்டித் தட்டையாக. இதைத் தாராளமாக எடுங்கள். அடியில் முடி அதிகம் இருந்தால் முள்ளின் வாய் அடைபட்டு மீன் மாட்டாது. அப்புறம் இரண்டு பக்கமும், கடைசியில் முதுகு. பிளேடை இரு விரலால் வளைத்துப் பிடித்தால் முதுகின் வளைவு அதுவாகவே வரும். அறுக்கிற மாதிரி இழுக்க வேண்டும், அழுத்தக் கூடாது. முனை மழுங்கியதும் மாற்றுங்கள். மழுங்கிய பிளேடுதான் கோணலுக்குக் காரணம். நூல் இருக்கும் இடத்தை நெருங்கும்போது கத்தரிக்கு மாறிவிடுங்கள்.

வெள்ளை முடிக்கு நாமளே சாயம் போடலாமா?

போடலாம், நம் ஊரில் அதற்கு வசதியும் உண்டு. பட்டும் முடியும் இரண்டுமே புரதம். அம்மாப்பேட்டையில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர்கள் பயன்படுத்தும் ஆசிட் சாயம் மான் முடியிலும் ஏறும். பருத்திச் சாயம் வாங்கிவிடாதீர்கள்.

முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஊறவைத்துக் கொழுப்பை நீக்குங்கள். சாயத் தண்ணீரில் வினிகர் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்திருங்கள். கொதித்தால் தோல் சுருங்கி, முடி முறுகி, மலரும் குணமே போய்விடும். முடி மிதக்கும் என்பதால் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கி வையுங்கள். பச்சை, மஞ்சள், கறுப்பு மூன்றும் இருந்தால் நம் தவளைகளுக்குப் போதும். சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்காதீர்கள்.

வெள்ளாட்டு முடி, மேச்சேரி ஆட்டு முடி, கன்னுக்குட்டி வால் இதெல்லாம் போட்டுப் பார்க்கலாமா?

தாராளமாக. ஆனால் மலரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி கிடையாது, முடிதான். அதுவும் மிகக் குட்டை. நீளமான வெள்ளாட்டு முடி தண்ணீரில் அழகாக அசையும், மீன்குஞ்சு ஃப்ளைக்கும் வாலுக்கும் நல்லது. கன்றின் வால் முடி சுருளாக இருப்பதால் இறக்கைக்கு ஆகும். கசாப்புக் கடையில் சொல்லி வைத்தால் கிடைக்கும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகக் காயவைத்துவிட்டு எடுங்கள். சட்டச் சிக்கல் இல்லாத, நம் கைக்கு எட்டும் முடி இவைதான். பக்டெயில் போட வேண்டிய இடங்களில் எல்லாம் நான் வெள்ளாட்டு முடியைத்தான் முதலில் சொல்வேன்.

ஃபோம் வெட்டி ஒட்டினாலே மிதக்குதே. எதுக்கு இவ்வளவு பாடு?

நியாயமான கேள்வி. புதிதாகக் கட்டுகிறவர்கள் ஃபோமில்தான் தொடங்க வேண்டும். மலிவு, மூழ்கவே மூழ்காது, யாரிடமும் காகிதம் காட்ட வேண்டாம்.

மான் முடி ஜெயிக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, தண்ணீரில் விழும் விதம். ஃபோம் தவளை தட்டென்று விழும். தண்ணீர் தெளிந்து நிற்கும் கோடைக்காலத்தில் அந்தச் சத்தத்துக்கே விரால் நகர்ந்துவிடும். மான் முடி மெத்தென்று விழுந்து, பாதி தண்ணீருக்குள் அமர்ந்து நிற்கும், உண்மைத் தவளை மாதிரியே. இரண்டு, வாய்க்குள் அது மென்மையாக இருப்பதால் மீன் உடனே துப்பாது. இந்த இரண்டும் தேவைப்படாத ஏரியில், கலங்கல் தண்ணீரில், ஃபோம் போடுங்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

ரெண்டு மீன் பிடிச்சதும் தவளை முழுகிடுது. காத்து இருக்கும்னு சொன்னீங்களே?

முதல் பதிலில் சொன்ன காற்று அறைகள் முடிக்குள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் செதுக்கிய முனைகள் திறந்த முனைகள். அவற்றின் வழியாகவும், முடிகளின் இடைவெளியிலும் தண்ணீர் ஏறும். விராலின் வழவழப்பு படிந்தால் இன்னும் சீக்கிரம் ஏறும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் தண்ணீரில் அலசி, துணியில் அழுத்தித் துடைத்துவிட்டுப் போடுங்கள். ஃப்ளையை மிதக்க வைக்கத் தடவும் சிலிக்கோன் ஜெல்லைக் கரையில் ஈரமான ஃப்ளையில் தடவிப் பயனில்லை. முந்தின நாள் வீட்டிலேயே, காய்ந்த முடியில் விரலால் உள்ளே வரை தேய்த்து வையுங்கள். தட்டையாக வெட்டிய அடிப்பக்கத்தில் வளையும் பசை மெல்லியதாக ஒரு கோட்டிங் கொடுத்தால் உடல் சுழலாது, தண்ணீரும் குறைவாக ஏறும். இரண்டு மூன்று தவளைகளை மாற்றி மாற்றிப் போடுவதே நல்ல வழி.

ஏற்காட்டுல இருக்கேன். மழைக்காலத்துல முடியெல்லாம் பூஞ்சை பிடிக்குது, பூச்சியும் வருது.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும் இடத்தில் இது சகஜம். நன்றாகக் காய்ந்த நாளில் முடியை ஜிப் கவரில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஒவ்வொரு தோல் துண்டுக்கும் தனிக் கவர் போட்டால் பூச்சி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவாது.

புதிதாக எந்த முடி வந்தாலும் ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைத்து, ஒரு நாள் வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைக்கவும். நேராக மற்ற முடிகளோடு சேர்க்காதீர்கள். அந்துருண்டை போடும்போது பிளாஸ்டிக் டப்பாவையும் ஃபோமையும் அது உருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். லேபிளைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொன்னது கவர் மாற்றும்போதும் பொருந்தும்.

விரால் அடிக்குது, தண்ணி தெறிக்குது, ஆனா மாட்டவே மாட்டேங்குது. ஃப்ளையில தப்பா, என் கையில தப்பா?

பெரும்பாலும் ஃப்ளையில். அடிப்பக்கத்தைத் தட்டையாக வெட்டினீர்களா என்று பாருங்கள். அகல வாய் உள்ள ஸ்டிங்கர் வகை முள்ளாக, 1/0 அல்லது 2/0 அளவில் இருக்கட்டும். பாசியில் சிக்காமலிருக்க வைக்கும் நரம்பு வளையம் தடியாக இருந்தால் அதுவே மீனின் வாயையும் தள்ளிவிடும். விரலால் அழுத்தினால் சுலபமாக மடிய வேண்டும்.

அதையும் தாண்டி மாட்டவில்லையென்றால் கைதான். ராடைத் தூக்கி அடிக்காதீர்கள். மீன் தவளையை எடுத்துக்கொண்டு திரும்பும் கனம் கையில் தெரிந்ததும், லைனைக் கையால் நேராக இழுங்கள். இந்தப் பெரிய முடித் தவளைகள் காற்றை எதிர்க்கும் என்பதால் எட்டாம் நம்பர் ராடாவது வேண்டும். மெல்லிய ராடில் விராலின் தாடையில் முள் இறங்காது.

இன்னொன்று. சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மேலே கொதிக்கும் இடத்தில் காவலுக்கு நிற்கும் விரால் அடிப்பது பசிக்காக அல்ல, குஞ்சைக் காப்பதற்காக. அதனால் பல சமயம் தள்ளிவிட்டுப் போகும், மாட்டாது. மாட்டினால் அந்தக் கூட்டம் முழுதும் மற்ற மீன்களுக்கு இரையாகும். அங்கே ஃப்ளை போடாதீர்கள்.

நான் கட்டின தவளையைக் கேக்குறாங்க. விக்கலாமா?

ஃபோம், செயற்கை இழை, கோழி இறகு, ஆட்டு முடி ஆகியவற்றில் கட்டியதைத் தாராளமாக விற்கலாம். மான் முடியில் கட்டியது என்றால் பொறுப்பு கூடும். வாங்கிய முடிக்குப் பில் உங்களிடம் இருக்க வேண்டும். விற்கும் கவரில் எந்த மான், எங்கே வாங்கியது என்று எழுதிக் கொடுங்கள். வாங்கியவரின் வீட்டில் யாராவது கேட்டால் அவரிடமும் பதில் இருக்க வேண்டுமே. வியாபாரமாகவே செய்வதாக இருந்தால் முதலில் வனத்துறையில் எழுத்துமூலமாகக் கேட்டு, பதிலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை விற்பனைக்கு ஃபோம் தவளை, சொந்த டப்பாவுக்கு மான் முடித் தவளை என்று பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.